மர ஹார்ன் கட்டினேன், பாட்டு மூக்கால் பாடுதுங்க

பெருந்துறைக்காரன்:
வணக்கம்ங்க. மாரியம்மன் நோம்பிக்கு வேப்பமரத்தில் கட்டும் குழாயைக் கேட்டு வளர்ந்தவன் நான். வீட்டுக்கும் ஒரு ஜோடி ஹார்ன் ஸ்பீக்கர் வேண்டுமென்று ஆறு மாதமாகச் செய்து முடித்தேன். கீழே தாழ்ந்த சுருதிக்கு 15 இன்ச் வூஃபர், அதற்கு மேல் சுருதி போகாமல் தடுக்க 1.25 மில்லிஹென்றி காயில். மேல் சுருதிக்கு, ஹார்னுக்குள் ஒலியை ஊதும் 1 இன்ச் கம்ப்ரஷன் டிரைவர். பிளைவுட்டை வளையம் வளையமாக அறுத்து ஒட்டி இழைத்த வட்ட ஹார்ன், வாய் 24 செ.மீ. டிரைவருக்குத் தாழ்ந்த சுருதி போகாமல் தடுக்க 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். டிரைவரின் 8 ஓமுக்குக் கணக்குப் போட்டால், வூஃபரையும் டிரைவரையும் பிரித்து வெட்டும் இடம் 1000 ஹெர்ட்ஸ் வருகிறது. சத்தம் காதைக் கிழித்ததால் 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டேன். சத்தம் அடங்கியது. ஆனால் பெண்குரலெல்லாம் சளி பிடித்த மாதிரி வருகிறது. கே.பி. சுந்தராம்பாள் பாட்டு மட்டும் நன்றாக இருக்கிறது. எங்கே தப்பு?

அவிநாசி மைக்செட்:
தம்பி, அந்தம்மா கொடுமுடிக்காரர், நம்ம பக்கத்துக் குரல்தான். ஆனா அதை வைத்துச் சோதிக்காதீங்க. பழைய பதிவு, அதிலே குறை தெரியாது. புதுப் பதிவில் யாராவது சும்மா பேசுவதைப் போட்டுக் கேளுங்க. ஹால் டைல்ஸ் தரையா? கை தட்டிப் பாருங்க. கணீரென்று திரும்பினால் பவானி ஜமுக்காளம் இரண்டை விரிங்க.

பெருந்துறைக்காரன்:
விரித்தேன்ங்கண்ணா. எதிரொலி குறைந்தது, சளி போகவில்லை.

கணபதி பேட்டர்ன் பட்டறை:
ஜமுக்காளம் பாவம். அந்த 22 ஓம்தான் வினை. கெப்பாசிட்டருக்கு இப்போது தெரிவது 8 ஓம் இல்லை, 30 ஓம். கணக்கை மறுபடி போடுங்க, 265 ஹெர்ட்ஸ் வரும். உங்கள் ஹார்ன் வாய்க்குச் சுற்றளவு 75 செ.மீ. அவ்வளவு நீள அலை என்றால் 455 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஹார்ன் காற்றைப் பிடிக்காது, முனகும். அதைப்போல இருமடங்குக்கு மேலே வெட்டுவதுதான் என் பழக்கம். உங்களுடையது 265-இலேயே பாட ஆரம்பிக்கிறது, வூஃபரும் 1000 வரை அதே குரலைப் பாடுகிறது. டிரைவருக்கும் ஆபத்து, இதைச் சரிசெய்யும்வரை வால்யூம் கூட்டாதீங்க.

அந்த 22 ஓமுக்குப் பதில் எல்-பேட் போடுங்க, சத்தத்தைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்தான். கெப்பாசிட்டருக்கு அப்புறம் 6 ஓம் தொடரில், டிரைவரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 2.7 ஓம். 10 வாட் வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டர் போதும். 12 டெசிபல் குறையும். இப்போது குறைவதும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் கெப்பாசிட்டருக்கு மறுபடி 8 ஓம் தெரியும்.

இன்னொன்று. டிரைவரைக் கழற்றி ஹார்னின் தொண்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவுங்க. படி தட்டுகிறதா?

பெருந்துறைக்காரன்:
தட்டுதுங்க. டிரைவர் துளை 25 மி.மீ., மரத்துளை 29. அரம் கொஞ்சம் கூடவே ஓடிவிட்டது.

கணபதி பேட்டர்ன் பட்டறை:
சுற்றிலும் 2 மி.மீ. படி. மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்துப் பூசுங்க. இரண்டு நாள் காயட்டும், அவசரப்பட்டால் இழுத்துக்கொண்டு வரும். அப்புறம் உப்புத்தாளை விரலில் சுற்றி, படி மறையும்வரை தேயுங்க. இது மேல் சுருதிக்குத்தான், சளிக்கு இல்லை.

அவிநாசி மைக்செட்:
கணக்கு நமக்கு வராது, அண்ணன் சொல்வதுதான் சரி. ஹார்னைப் பெட்டிமேல் ஒட்டிவிடாதீங்க தம்பி. 1000 ஹெர்ட்ஸில் பாதி அலை 17 செ.மீ.தான், அவ்வளவு முன்பின் ஆனாலே வூஃபர் சத்தமும் ஹார்ன் சத்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்க, டிரைவர் ஒயரின் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டும் கேளுங்க.

பெருந்துறைக்காரன்:
இடது பெட்டியை மட்டும் முடித்தேன். செய்தி வாசிப்பைப் போட்டு, பேலன்ஸை வலதுக்குத் திருகினால் சளி, இடதுக்குத் திருகினால் ஆள் எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஒயரை மாற்றியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, நகர்த்தியதில் தெரிந்தது. ஹார்ன் இப்போது 6 செ.மீ. முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது, வீட்டில் திட்டு. கடையில் 2.7 ஓம் ஒன்றுதான் இருந்தது. வலதுக்கு ஈரோடு போய்த்தான் வாங்கணும்.