மேக்கில் மட்டும் செட்டிங்ஸ் பழையபடி திரும்பிவிடுகிறது

ஒரே டெக்ஸ்ட் எடிட்டரை விண்டோஸ் 11, உபுண்டு 24.04, மேக்ஓஎஸ் சொனோமா மூன்றிலும் வைத்திருக்கிறேன். செட்டிங்ஸை ஒரே ஸ்கிரிப்டில் மாற்ற வேண்டும்.

உபுண்டுவில் அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், காப்பி செய்தால் முடிந்தது. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் செட்டிங்ஸைச் சேமிக்கும் தரவுத்தளம்), எரிச்சல்தான், ஆனாலும் அதற்கான ரெக் (.reg) ஃபைலை இம்போர்ட் செய்தால் வேலை ஆகிறது.

மாட்டிக்கொண்டது மேக்கில். லைப்ரரிக்குள் பிரிஃபரன்சஸ் ஃபோல்டரில் இருக்கும் பிளிஸ்ட் (.plist, மேக்கில் செட்டிங்ஸ் சேமிக்கும்) ஃபைலில் டேப் அளவை 4 ஆக்கினாலும், எடிட்டரைத் திறந்தால் மறுபடி 8. எடிட்டரை மூடிவிட்டுத்தான் மாற்றினேன். பிளிஸ்ட்டின் அமைப்பில் பிழை இல்லை என்கிறது, அதைச் சரிபார்க்கும் பிளுட்டில் (plutil) கட்டளை. பழைய மதிப்பைப் பிடித்து வைத்திருக்கிறதோ என்று, செட்டிங்ஸைக் கையாளும் மேக்கின் பின்னணி நிரலான சிஎஃப்பிரெஃப்ஸ்டியை (cfprefsd) நிறுத்தினேன். ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்து டிஃபால்ட்ஸ் (defaults, செட்டிங்ஸை எழுதவும் படிக்கவும் உள்ள கட்டளை) ரைட், அப்புறம் ரீட்: அங்கே 4, திரையில் 8!

கன்டெய்னர்ஸ் (சில ஆப்களுக்கு மேக் தனித்தனியாக ஒதுக்கும் இடம்) ஃபோல்டருக்குள்ளும் இதே பெயரில் ஒரு பிளிஸ்ட் இருக்கிறது. எடிட்டர் உண்மையில் எந்த ஃபைலைப் படிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?