வடிகால் கம்பி மூடியில் சைக்கிள் சக்கரம் இறங்குகிறது, யோசனை சொல்லுங்கள்

இடம்: பாளையங்கோட்டை புறநகர், பள்ளிக்குப் போகும் தெரு. சாலையோர மழைநீர் வடிகால் மூடிகளில் கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே ஓடுகின்றன. இடைவெளி 45 மி.மீ. பிள்ளைகள் ஓட்டும் 26 × 1 3/8 டயரின் அகலம் 37 மி.மீ.தான். முன்சக்கரம் நேராக உள்ளே இறங்கிவிடும். பெரியவர்களின் கைத்தடியும் சிக்குகிறது.

மூடியைக் கழற்றித் திருப்பிப் போட முடியாது. சட்டம் 60 × 45 செ.மீ. செவ்வகம். குறுக்கே 12 மி.மீ. கம்பியை மேலேயே பற்றவைத்தோம். அது மேடாக நின்றதால் லோடு ஆட்டோ ஏறி ஏறிப் பற்று விட்டுப்போனது. அடியில் துருவைச் சுரண்டாததும் ஒரு காரணம். சிமென்ட் பலகை போட்டு மூடினால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தெருவிலேயே நிற்கிறது. மனு கொடுத்தாயிற்று, பதில் இல்லை. மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.

இப்போது 25 × 6 மி.மீ. இரும்புப் பட்டையை 45 மி.மீ. துண்டுகளாக வெட்டி, கம்பிகளுக்கு நடுவே மேல்மட்டத்துக்குச் சமமாக வைத்து, இருபுறமும் முழுப்பற்று வைக்க எண்ணம். துண்டுகள் 15 செ.மீ.க்கு ஒன்று இருந்தால் சக்கரம் 1 செ.மீ.கூட இறங்காது. ஆனால் வேப்பஞ்சருகும் பாலித்தீனும் அடைக்குமோ என்பதே கவலை.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: 15 செ.மீ. போதுமா, அடைப்பைத் தவிர்க்க 20 செ.மீ. விடலாமா?