புதுப்பிப்பு: பிடித்த டிடிஎஸ் (கிளையன்ட் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) 60,000 ரூபாய் என் வரிக் கணக்கில் வந்துவிட்டது

பெங்களூரில் ஃப்ரீலான்ஸாக மென்பொருள் எழுதுகிறேன், ஒரு கிளையன்ட் 6 லட்சத்தில் 10% பிடித்துக்கொண்டார், ஆனால் என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஒரு பைசா காட்டவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. என் பான் எண்ணில் (வருமான வரி அடையாள எண்) ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். மூன்று மெயிலுக்கு அசையாதவர்கள், பான் கார்டு நகலையும் இன்வாய்ஸையும் சேர்த்து அவர்களுடைய கணக்குப்பிரிவுக்கே அனுப்பியதும் திருத்த அறிக்கை தாக்கல் செய்தார்கள்; தொகை 26ஏஎஸ்ஸில் வந்துவிட்டது. அதுவரை ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) போடாமல் காத்திருந்தது நல்லதாயிற்று.

அப்புறம் அல்சூரில் ஒரு தமிழ் ஆடிட்டரைப் பார்த்தேன். "செலவு ரசீதெல்லாம் எதுக்குப்பா மூட்டை கட்டிட்டு வந்தே?" என்று சிரித்தார். என்னைப் போன்ற தொழில்முறைக்காரர்களுக்கான 44ஏடிஏ என்ற வருமான வரிப் பிரிவில், செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதுமாம். 2024-25இல் என் மொத்த வரவு 13.6 லட்சம்; பாதி 6.8 லட்சம். சேமிப்புக் கணக்கு வட்டியைச் சேர்த்தும் அந்த ஆண்டுக்கான தள்ளுபடி வரம்பான 7 லட்சத்தைத் தாண்டவில்லை. அதனால் புதிய வரி முறையில் 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி போக வரி பூஜ்யம். ஆக, பிடித்த 60,000 முழுக்க ரீஃபண்ட்!

இதற்கான ஐடிஆர்-4 படிவம் போட்டாயிற்று. முன்கூட்டிய வரி (நிதியாண்டு முடியும் முன்பே நாமே கட்டுவது) பற்றிக் கேட்டவர்களுக்கு: 44ஏடிஏகாரர்களுக்கு நான்கு தவணை கிடையாது, மார்ச் 15க்குள் ஒரே தடவை கட்டினால் சரி.