கலைச்சொல் தேவை: நிலமீட்பா, மண்மீட்சியா?

அன்பர்களுக்கு வணக்கம். பீடோர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் ஊரில் மலேசிய வன ஆய்வு நிலையத்தார் பழைய ஈயலம்ப (வெள்ளீயம் எடுத்த திறந்தவெளிச் சுரங்க) மணலில் காடு வளர்த்திருக்கிறார்கள். அதைப் பற்றிய பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கைவிடப்பட்ட லம்பத்தில் மண்ணும் செடிகொடியும் மெல்ல வளம் பெற்று வரும் நிகழ்வை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? ‘நிலமீட்பு’ என்று எழுதினால், கடலைத் தூர்த்து நிலம் எடுப்பதாக மாணவர்கள் எண்ணுகிறார்கள்.
– ஆசிரியை, பீடோர்

அம்மா, மாணவர்களின் ஐயம் நியாயமானது. ‘மீட்பு’ பிறவினையின் வழி வந்தது; மீட்பவர் ஒருவர் வேண்டும். ஆள் ஆட்சியாவதும் நீள் நீட்சியாவதும் போல, தன்வினையாகிய ‘மீள்’ மீட்சியாகிறது. யாழை மீட்டுவதும் இவ்வேரினதே என்பது என் துணிபு, ஏனெனில் சுண்டிய நரம்பு தன் நிலைக்கே மீள்கிறது. இன்னும் ஒன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். லம்பமும் அவ்வாறு திரிந்த நிலமே. ஆகவே அது திரும்புவதை ‘முல்லைமீட்சி’ என்போம். வடசொல் கலந்த ‘புனரமைப்பு’ நமக்கு வேண்டா.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

ஐயாவின் இலக்கணத்தை ஏற்கிறேன். முல்லையை ஏற்க இயலவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு முல்லை என்றால் பூதான். சொல்லைத் தேடுமுன் அந்த நிலத்தில் நடப்பதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1985இல் ஈய விலை சரிந்தபின் நம் பேராக் மாநிலக் கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் பல மூடப்பட்டன. அவை விட்டுச்சென்ற நிலம் ஒரே தன்மையது அன்று. ஈயத்தைக் கழுவியபோது கனத்த மணல் ஓரிடத்தில் தங்கியது. நுண்ணிய களிச்சேறு நீரோடு போய் வேறிடத்தில் படிந்தது. மணலில் நீரும் நிற்பதில்லை, உரமும் நிற்பதில்லை; பெய்யும் மழை இரண்டையும் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும், நண்பகலில் கன்று வாடும் அளவுக்கு மேற்பரப்பும் சுடும். சேற்று நிலத்திலோ நீர் வடியாததால் வேர் மூச்சுவிட முடியாது.

அந்த மணலில் முதலில் மனிதக் கை பட்டே ஆகவேண்டும். குழியில் செம்பனை (எண்ணெய்ப்பனை) பழம் நீக்கிய வெற்றுக் குலையோ தழை எருவோ இட்டு, அக்காசியா மாஞ்சியம் போன்ற மரத்தை நடுகிறார்கள். அதன் வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஆக்கித் தரும் நுண்ணுயிர் அங்கு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நம் ரப்பர் தோட்டங்களில் மூடுபயிர்க் கொடி படரவிட்டதும் இந்தப் பயன் கருதித்தான். பின்னர் ஆண்டுக்கணக்கில் சருகு விழுந்து மட்கி, வெள்ளை மணலின்மேல் விரற்கடை அளவு கறுப்பு மண் படிகிறது. பறவை கொண்டுவந்த விதை அதில் முளைக்கிறது. அதை நட்டவர் யாருமில்லை.

ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும். மேடு பள்ளம் சமன்செய்து, எருவிட்டு, கன்று நடுவது ‘நிலச் சீரமைப்பு’. அதன்பின் மண் தானே உயிர் பெறுவது ‘மண்மீட்சி’. இரண்டையும் ஒன்றாக்கினால், கன்று நட்ட மறுநாளே வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதிவிடுவார்கள்.
– முன்னாள் தோட்டக் கிராணி, சுங்காய்

இருவருக்கும் நன்றி. ‘நிலச் சீரமைப்பு’, ‘மண்மீட்சி’ என்ற இரண்டையும் தாளில் சேர்க்கிறேன்.
– ஆசிரியை, பீடோர்

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆயினும் ‘மண்மீட்சி’ பாதிச் சொல்லே. கிராணியார் குறிப்பிட்ட பறவை விதைத்த செடிக்கு அதில் இடம் இல்லை. முல்லை என்பது மண்ணையும் மரத்தையும் உயிரையும் சேர்த்துச் சொல்லும் திணைப் பெயர். பூ என்று மட்டும் அறிந்த பிள்ளைக்கு அதைக் கற்பிப்பதும் நம் கடமைதான். என் கருத்தில் மாற்றமில்லை.
– ஈப்போ