அக்கா போன பிறகு பார்த்த பேய்ப் படங்கள்

'ஹெரெடிட்டரி' (2018) வந்த புதிதில் பார்த்தபோது என்னை நடுங்க வைத்தது அதன் கடைசிப் பகுதிதான். அறையின் மேல் மூலையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அம்மா, இருட்டில் நின்று சிரிக்கும் ஆட்கள், அந்தக் கூட்டத்தின் சடங்கு. அக்கா விபத்தில் இறந்து கொஞ்ச காலம் கழித்து அதையே மறுபடி போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

இந்த முறை கடைசிப் பகுதி என்னை ஒன்றும் செய்யவில்லை. நடுவில்தான் மாட்டிக்கொண்டேன். காரில் தங்கை இறந்துவிடுகிறாள். ஓட்டிவந்த அண்ணன் பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டான். மெதுவாக வீடு வந்து சேர்ந்து, யாரையும் எழுப்பாமல் போய்ப் படுத்துவிடுவான். விடிந்ததும் கேமரா அவன் முகத்திலேயே நிற்கும். அம்மா வெளியே கிளம்பும் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் அந்த அலறல்.

எங்கள் வீட்டில் போன் முதலில் வந்தது எனக்குத்தான். அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா துணியும் அதில் இருந்தது. சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு தனியாக எடுத்து வைத்தாள். இன்னும் ரெண்டு மடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று கதவோரம் நின்றேன். படத்தின் இயக்குநர் ஆரி ஆஸ்டர் எடுத்திருப்பது அந்த நேரத்தைத்தான்.

கடைசிப் பகுதி ஏன் ஆறுதலாகக்கூட இருந்தது என்று யோசித்தேன். அங்கே எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. பாட்டி போட்ட திட்டம், பின்னால் ஒரு கூட்டம், ஒரு அரக்கன். திட்டித் தீர்க்க ஆள் கிடைக்கிறது. ஈர ரோட்டையும் ஒரு வளைவையும் யார் போய்த் திட்டுவது?

எல்லோரும் கொண்டாடும் 'தி பாபடூக்' (2014) எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அந்தப் பேயைக் கொல்லாமல் வீட்டின் கீழறையில் வைத்துப் புழு போட்டு வளர்ப்பது மட்டும் சரி என்று பட்டது. 'டோன்ட் லுக் நவ்' (1973) வேறு ரகம். சிவப்புக் கோட்டு போட்ட மகள் குளத்தில் மூழ்கி இறந்த பிறகு, வெனிஸ் சந்துகளில் சிவப்பாக ஒரு சின்ன உருவம் ஓடுவதைப் பார்த்து அப்பா பின்னாலேயே போவார். கூட்டத்தில் அக்காவின் நடை தெரிந்து, வேகமாக முந்திப் போய் முகம் பார்த்தவள் நான். அவரை முட்டாள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது 'லேக் மங்கோ' (2008). ஆவணப்படம் மாதிரியே எடுத்த ஆஸ்திரேலியப் படம், அதிர வைக்கும் சத்தம் எதுவும் இல்லை. மூழ்கி இறந்த ஆலிஸ் போட்டோக்களில் தெரிகிறாள்; அதெல்லாம் கூடப்பிறந்தவன் செய்த போலி வேலை என்று தெரியவருகிறது. குடும்பம் ஒருவழியாகத் தேறி வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறது. படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது பழைய காட்சிகள் திரும்ப வரும், தயவுசெய்து அப்போது நிறுத்திவிடாதீர்கள். யாரும் கவனிக்காத மூலையில் அவள் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறாள். பேய் நம்மை விடாது என்று பயமுறுத்தும் படங்கள் எத்தனையோ உண்டு. இதில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம்.

'மிட்சொமார்' (2019) இன்னும் பார்க்கவில்லை. தொடக்கத்திலேயே நாயகி தன் சகோதரியை இழக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து கை போகவில்லை. அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டுப் பார்த்தால் படம் புரியுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.