அரசமைப்புக் கோட்பாடு பேப்பரை எப்படித்தான் படிப்பது?

அரைவேக்காடு

சட்டம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன செமஸ்டரில் அரசமைப்புச் சட்டம் பேப்பர் நன்றாகவே போனது. கேஸ் பெயர், வருடம், எத்தனை நீதிபதிகள் அமர்வு, எத்தனைக்கு எத்தனை தீர்ப்பு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். இந்த செமஸ்டரில் அரசமைப்புக் கோட்பாடு என்று தனியாக ஒரு பேப்பர், அதில்தான் மாட்டிக்கொண்டேன். கெல்சன், ஷ்மிட், ஹார்ட் என்று சட்டம் என்றால் என்ன என்று எழுதிய அறிஞர்கள் வாரத்துக்கு ஒருவராக வருகிறார்கள், போகிறார்கள். படிக்கும்போது புரிகிற மாதிரி இருக்கிறது, மூடி வைத்தால் ஒன்றும் நிற்பதில்லை.

கெல்சனின் அடிப்படை நெறி பற்றி எழுதிய முதல் கட்டுரையில் "விவரித்திருக்கிறாய், வாதிடவில்லை" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போய்க் கேட்டால் நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது என்கிறார்கள். ஒவ்வொரு சட்டமும் தனக்கு மேலே இருக்கும் ஒரு சட்டத்திடமிருந்து அதிகாரம் பெறுகிறது, அப்படியே மேலே மேலே போனால் முதல் அரசமைப்பு, அதற்கும் மேலே நாம் அனுமானித்துக்கொள்ள வேண்டிய ஒரு நெறி. சரி, இதில் நான் நினைக்க என்ன இருக்கிறது? படித்து முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இதனால் பிற்காலத்தில் ஏதாவது பயன் உண்டா, இல்லை பாஸ் செய்துவிட்டு நகர்ந்துவிடலாமா?

கறுப்புக்கோட்டு

தம்பி, நான் கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றுவரை ஒரு நீதிபதியும் என்னிடம் கெல்சன் என்ன சொன்னார் என்று கேட்டதில்லை. மனுவில் எந்த உரிமை மீறப்பட்டது, என்ன நிவாரணம் வேண்டும், இந்த நீதிமன்றத்துக்கு அதைத் தர அதிகாரம் உண்டா, இவ்வளவுதான் கேள்வி. தீர்ப்புகளை முழுசாகப் படிக்கப் பழகு, மேலே போட்டிருக்கும் தலைக்குறிப்பை, அந்தச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஓடாதே. கோட்பாடு எல்லாம் பேராசிரியர்களின் சோறு.

நள்ளிரவு நூலகம்

மேலே சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், தீர்ப்பை முழுசாகப் படிக்க வேண்டும் என்பது நூறு சதவீதம் சரி. ஆனால் கெல்சனைக் கோர்ட்டில் யாரும் கேட்டதில்லை என்பதற்கு ஒரு நாடே சாட்சியாக வந்து மறுப்புச் சொல்லும்.

பாகிஸ்தான், 1958. அக்டோபர் 7 அன்று ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா 1956 அரசமைப்பை ரத்து செய்து ராணுவச் சட்டத்தைக் கொண்டுவருகிறார். புதிய ஆட்சி செல்லுமா என்ற கேள்வியோடு டோசோ வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றத்துக்கு வருகிறது. தலைமை நீதிபதி முனீர் கெல்சனைக் கையில் எடுக்கிறார்: ஒரு புரட்சி வெற்றி பெற்றுவிட்டால் அதுவே சட்டத்தைப் பிறப்பிக்கும் உண்மை ஆகிவிடும், பழைய அரசமைப்பு போனது போனதுதான், புதிய ஆட்சி செல்லும். தீர்ப்பு வந்த தேதி அக்டோபர் 27. அன்று இரவே ராணுவத் தளபதி அயூப் கான் மிர்சாவைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்! வெற்றி பெற்றவன் சட்டத்தை உண்டாக்குகிறான் என்று நீதிமன்றம் சொல்லி மை காய்வதற்குள் அதே தர்க்கம் மிர்சா மேலேயே திரும்பிவிட்டது.

அப்புறம் 1972-இல் அஸ்மா ஜிலானி வழக்கு. அதே நீதிமன்றம் டோசோ தீர்ப்பு தவறு என்று தூக்கி எறிந்து, அயூபுக்குப் பின் வந்த ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானை அதிகாரத்தைப் பறித்துக்கொண்டவர் என்று அழைத்தது.

இப்போது உன் கட்டுரைக்கு வருவோம். கெல்சன் சொன்னதும் முனீர் சொன்னதும் ஒன்றுதானா? சட்ட ஒழுங்கு மொத்தத்தில் நடைமுறையில் இருப்பது அது செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை, ஆனால் காரணம் அல்ல என்றுதான் கெல்சன் சொல்கிறார். வெளியே நின்று பார்க்கும் சட்ட அறிஞனுக்கு எழுதிய வாக்கியம் அது. பழைய அரசமைப்பின் கீழ் பதவி ஏற்ற ஒரு நீதிபதி, எதிரே ராணுவம் நிற்கும்போது, அதையே தன் தீர்ப்புக்குக் காரணமாகச் சொல்லலாமா? ஆம் என்று சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் நீ வாதிட ஆரம்பித்துவிட்டாய் என்று அர்த்தம்.

நான் படித்தபோது செய்தது இதுதான். ஆளை வைத்துப் படிக்கவில்லை, சண்டையை வைத்துப் படித்தேன். அரசமைப்பின் காவலன் யார் என்று வைமார் ஜெர்மனியின் (ஹிட்லருக்கு முந்தைய குடியரசு) கடைசி வருடங்களில் ஷ்மிட்டும் கெல்சனும் மோதிக்கொண்டார்கள். ஜனாதிபதி என்றார் ஷ்மிட், நீதிமன்றம் என்றார் கெல்சன் (ஆஸ்திரியாவின் 1920 அரசமைப்பை எழுத உதவியவர், அதன் அரசமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர், வேறென்ன சொல்வார்). 1933-இல் ஷ்மிட் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், கெல்சன் பல்கலைக்கழக வேலையை இழந்தார். இது தெரிந்த பிறகு அந்த இரண்டு வாரப் பாடமும் எனக்கு மறக்கவே இல்லை.

ஓரக்குறிப்பு

பாகிஸ்தான் வரை போக வேண்டாம் என்றால் நம் உச்சநீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி வழக்கு இருக்கிறதே, அரசமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைத் தொட முடியாது என்று சொன்னது. 1973, 13 நீதிபதிகள், 7க்கு 6 என்று நீயே சொல்லிவிடுவாய். ஆனால் அந்த ஆறு பேர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று படித்திருக்கிறாயா? திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று அரசமைப்பில் எங்கேயும் எழுதியில்லாதபோது நீதிபதிகள் எப்படி ஒரு எல்லையைக் கண்டுபிடிக்கலாம் என்பது சாதாரணக் கேள்வி இல்லை. ஜெர்மானியர்கள் 1949 அடிப்படைச் சட்டத்தின் 79(3) பிரிவில் அந்த எல்லையை வெளிப்படையாக எழுதியே வைத்துக்கொண்டார்கள், இங்கே தீர்ப்பில்தான் வந்தது. இலங்கையை எடுத்தால் நேர் எதிர்ப்பக்கம்: 1978 அரசமைப்பின் 80(3) படி, மசோதா சட்டமாகிவிட்டால் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது, கேட்பதானால் அதற்கு முன்பே கேட்க வேண்டும். மூன்று நாடு, ஒரே கேள்விக்கு மூன்று விடை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், கோட்பாடு எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரியும்.

எனக்கு உதவிய ஒரு பழக்கம்: மாறுபட்ட தீர்ப்பை முதலில் படிப்பது. பெரும்பான்மைத் தீர்ப்பை முதலில் படித்தால் எல்லாம் நியாயமாகவே தோன்றும், சந்தேகமே வராது.

கறுப்புக்கோட்டு

டோசோ கதை எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கவனியுங்கள், கோட்பாடு கோர்ட்டுக்குள் வந்தபோது யாருக்கு உதவியது? துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு. நான் சொன்னதற்கு இதுவே சாட்சி.

அரைவேக்காடு

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி டோசோ, அஸ்மா ஜிலானி இரண்டையும் உட்கார்ந்து படித்தேன், மூன்று மணி ஆகிவிட்டது. கட்டுரையைத் திருத்தி எழுத அனுமதி கேட்டிருக்கிறேன். முதல் வரி இப்படி: "கெல்சனைத் தவறாகப் படித்ததால்தான் நீதிமன்றம் ராணுவ ஆட்சியை ஏற்றது, சரியாகப் படித்தபோது நிராகரித்தது." கறுப்புக்கோட்டு அண்ணாவுக்கும் இதுதான் என் பதில். போதுமா?

நள்ளிரவு நூலகம்

வாதம் வந்துவிட்டது, ஆனால் இரண்டு ஓட்டை. அஸ்மா ஜிலானி தீர்ப்பு வந்தபோது யாஹ்யா கான் ஏற்கெனவே பதவியில் இல்லை, 1971 டிசம்பரிலேயே போய்விட்டார், அதாவது நீதிமன்றம் நிராகரித்தது அதிகாரத்தில் இல்லாத ஒருவரை. அப்புறம் 1977-ஐப் பார், நுஸ்ரத் பூட்டோ வழக்கு. ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சியை அதே உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்த முறை கெல்சன் தேவைப்படவில்லை, அவசியக் கோட்பாடு (நெருக்கடியில் வேறு வழியில்லை என்றால் சட்டத்தை மீறியதும் செல்லும்) என்று வேறொன்றை எடுத்தார்கள். அப்படியானால் கெல்சனைத் தவறாகப் படித்ததுதான் காரணம் என்று எப்படிச் சொல்வாய்? முதல் வரியை மாற்று, அல்லது 1977-க்குப் பதில் வைத்துக்கொண்டு எழுது.

அரைவேக்காடு

ஐயோ. சரி, 1977 தீர்ப்பைத் தேடுகிறேன்.