பூனைக்குத் திடீர் பயம், என்ன காரணமாக இருக்கும்?
எங்கள் பூனைக்கு 8 மாதம். போன வாரம் வரை யார் வந்தாலும் காலைச் சுற்றி வரும். இப்போது பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. டம்ளர் வைக்கிற சத்தத்துக்கே காதை மடக்கி, கண்மணி விரிய, வயிறு தரையில் உரசப் பம்முகிறது.

வீட்டில் எதுவும் மாறவில்லை. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, நமக்குக் கேட்காத ஒலியும் பூனைக்குக் கேட்குமாம். அப்படி ஏதும் ஒலி வருகிறதோ என்று சார்ஜர்களைக்கூடக் கழற்றிப் பார்த்தாயிற்று. ராத்திரியில் சாப்பிடுகிறது, சிறுநீரும் சரியாகப் போகிறது. வலி இருந்தாலும் பூனைகள் மறைத்துவிடும் என்பதால் நாளை மருத்துவரிடம் போகிறோம். ஆனால் கூடையைக் கண்டாலே சீறுகிறது! இழுத்துப் போட மனசில்லை. கூடைக்குள் எப்படி வரவழைப்பது? அப்புறம், வெளிப்பூனை ஏதாவது ஜன்னலோரம் வந்து போயிருந்தால்கூட இப்படி ஆகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.